நண்பரும் தூண்டிலும் நன்னீர் ஏரியும்

வேற்று மாநிலத்தில் வாழச் சென்ற தமிழர்க்கு அம்மாநிலத்தைப் பற்றிய அறிவு பெரும்பாலும் இரு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று அலுவலகத்தின் வழி. மற்றொன்று கடைத்தெருவின் வழி. அலுவலகம் அந்நாட்டாரின் சட்டதிட்டங்களை நமக்குக் கற்பிக்கும். கடைத்தெரு விலைவாசியைக் கற்பிக்கும். ஆயின் ஒரு மக்கள் எதில் இன்பம் காண்கின்றனர், எதற்காகப் பொறுமையுடன் காத்திருக்கின்றனர் என்பதை அறிய இவ்விரண்டும் போதா. அதற்கு அவர்களோடு ஓய்வு நாள் ஒன்றைக் கழித்தல் வேண்டும். வங்காள நாட்டில் பதினைந்து ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நான், அவ்வாறு கழித்த ஒரு நாளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அந்நாள் தூண்டிற்கோலுடன் ஓர் ஏரியில் கழிந்தது.

தூண்டிலிட்டு மீன் பிடித்தல் உலகின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. மிகப் பழைய பொழுதுபோக்குகளுள்ளும் ஒன்று. மேலைச் சாளுக்கிய மன்னனாகிய மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் நூலில், அரசர்க்குரிய விளையாட்டுகளுள் ஒன்றாக மீன்பிடித்தலும் இடம்பெற்றிருக்கிறது. மீன் வகைகள் யாவை, அவற்றிற்கு எத்தகைய இரை இடவேண்டும், கயிறும் முள்ளும் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பனவெல்லாம் அதில் கூறப்பட்டுள்ளன. நம் வள்ளுவரோ தூண்டிலைக் கரையில் நிற்பவனின் பக்கத்திலிருந்து நோக்காமல், மீனின் பக்கத்திலிருந்து நோக்கினார். சூதில் கிட்டும் வெற்றிக்குத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனை அவர் உவமை காட்டியதை நாம் அறிவோம். அரசர் இன்பம் கண்ட இடத்தில் புலவர் எச்சரிக்கை கண்டார். இவ்விரு நோக்கையும் உள்ளத்திற் கொண்டே நான் நண்பரின் அழைப்பை ஏற்றேன்.

நண்பர் எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர். என்னினும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தவர். வரும் ஆண்டில் அறுபது நிறைந்து ஓய்வு பெறவிருப்பவர். அவருடைய தந்தையார், நாட்டுப் பிரிவினைக்குப் பின், 1950-இல் கிழக்கு வங்கத்துப் பாரிசாலிலிருந்து இளைஞராய்க் கொல்கத்தா வந்து சேர்ந்தவர். ஆறும் வாய்க்காலும் பின்னிக் கிடக்கும் மண்ணில் பிறந்த அத்தந்தை தமக்கு விட்டுச்சென்ற சொத்து தூண்டில் வித்தை ஒன்றே என்று நண்பர் கூறுவதுண்டு. வங்க மொழியில் அண்ணனைத் 'தாதா' என்பர். நானும் அவரை அவ்வாறே அழைக்கிறேன். நம் ஊரில் அச்சொல் வேறொரு பொருள் பெற்றுவிட்டதை ஒருமுறை விளக்கியபோது அவர் நெடுநேரம் சிரித்தார். அன்று முதல், கோப்புகளைத் தாமதப்படுத்துவோரைப் பார்த்து, "நான் மதராஸ் தாதா ஆகிவிடுவேன்" என்று மிரட்டுவது அவர் வழக்கமாயிற்று.

துர்க்கா பூசையின் ஆரவாரம் அடங்கி, வானம் தெளிந்திருந்த ஐப்பசித் திங்களின் ஞாயிற்றுக்கிழமை அது. விடியற்காலையில் சியால்தா நிலையத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் மின்தொடரில் ஏறினோம். நண்பர் கையில் துணியுறையிட்ட இரண்டு கோல்கள். தோளில் ஒரு பை. என் கையில் உணவுப் பாத்திரம். காய்கறிக் கூடைகளுடன் நகரத்திற்கு வரும் மக்களைச் சுமந்து எதிர்வண்டிகள் விரைந்தன. நாங்கள் சென்ற திசையில் வண்டி வெறிச்சோடியிருந்தது.

தெற்கு 24 பர்கனா மாவட்டத்தின் வழியே ஒரு காலத்தில் கங்கையின் பெரிய கிளை ஒன்று ஓடிக் கடலிற் கலந்தது. 'ஆதி கங்கை' என இன்றும் வழங்கும் அக்கிளை நாளடைவில் தூர்ந்து, பல இடங்களில் ஒன்றோடொன்று தொடர்பற்ற குளங்களாகவும் ஏரிகளாகவும் நிற்கிறது. கரையில் வாழ்ந்த குடும்பங்களின் பெயரால் 'கோஷ் கங்கை', 'போஸ் கங்கை' என அந்நீர்நிலைகளை வழங்குதலும் உண்டு. ஆறு போய்விட்டது, கங்கை என்னும் பெயர் போகவில்லை. நாங்கள் சென்ற ஏரியும் அத்தகையதே. நீளத்தில் மிகுந்து, அகலத்தில் குறைந்து, ஆற்றின் வளைவை இன்னும் மறவாதது போல் வளைந்து கிடந்தது.

அவ்வேரியைக் குத்தகைக்கு எடுத்துள்ள மீனவர்கள் அதில் மீன்குஞ்சுகளை விட்டு வளர்க்கின்றனர். ஞாயிறுதோறும் கட்டணம் பெற்றுக்கொண்டு பிறரும் தூண்டிலிட இசைகின்றனர். ஒரு சீட்டுக்கு இரண்டு கோல்கள். கதிரவன் எழுந்தது முதல் மறையும் வரை நேரம். நல்ல இடம் யாருக்கு என்ற பூசல் எழாதிருக்கக் குலுக்கல் முறையில் இடங்களைப் பகிர்கின்றனர். ஒவ்வோர் இடத்திலும் நீருக்குள் சற்றே நீட்டிக் கட்டிய மூங்கிற் பரண் உண்டு. அதனை 'மாச்சா' என்பர். அன்று குடிசைத் தொழில் செய்பவர், பள்ளி ஆசிரியர், மருத்துவர், ஓய்வுபெற்ற காவலர் ஆகிய அனைவரும் ஒரே வரிசையில் நின்று சீட்டெடுத்தனர். எங்களுக்கு ஏழாம் எண் கிடைத்தது. ஏழாம் எண் எனக் கேட்டதும் நண்பர் முகம் மலர்ந்தது. அவ்விடத்தில் நீர் ஆழம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தூண்டிற்கலையில் வங்காளியர்க்கு உள்ள ஈடுபாட்டை அவர்களுடைய சொற்செல்வமே காட்டும். கோலுக்குச் 'சிப்', முள்ளுக்குப் 'பொர்ஷி', மிதப்புக்கு 'ஃபாத்னா', முள்ளில் குத்தும் இரைக்கு 'டோப்', மீன்களை ஓரிடத்தில் கூட்டுவதற்காக நீரில் தூவும் உணவுக்குச் 'சார்' எனத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நரம்பைச் சுற்றும் சக்கரத்தை ஆங்கிலச் சொல்லைத் தம் வாய்க்கேற்ப வளைத்து 'ஹுயில்' என்கின்றனர். இவற்றுள் 'சார்' செய்வதே தலையாய கலை. நண்பர் பையைத் திறந்தபோது நாட்டு மருந்துக் கடை ஒன்றில் நுழைந்தது போன்ற மணம் எழுந்தது. வறுத்துப் பொடித்த வெந்தயம், கடுகுப் பிண்ணாக்கு, வறுத்த தவிடு, வெல்லப்பாகு ஆகியவற்றுடன் 'ஏகாங்கி' என்னும் கிழங்கின் பொடியும் இருந்தது. முகர்ந்து பார்த்தவுடன் அது நம் கச்சோலமே என்று கண்டுகொண்டேன். அவருடைய மிதப்பு செய்யப்பட்டிருந்த 'சோலா'த் தண்டும் எனக்கு அயலன்று. தஞ்சையில் கோயில் உருவங்களும் மாலைகளும் செய்யப் பயன்படும் நெட்டியே அது. பெயர் வேறாயினும் பொருள் ஒன்றாக இருத்தலைக் காணும்போது மொழிபெயர்ப்பாளனுக்கு உண்டாகும் மகிழ்ச்சியைப் பிறர்க்கு எடுத்துரைப்பது அரிது.

'சார்' கலவையை உருண்டைகளாக்கி நீரில் எறிந்தபின், ரொட்டியுடன் செவ்வெறும்பின் முட்டைகளைச் சேர்த்துப் பிசைந்து முள்ளில் பொருத்தினார். கோலை வீசி, மிதப்பு நிமிர்ந்து நின்றதும், "இனி நம் வேலை முடிந்தது, மீனின் வேலை தொடங்குகிறது" என்று சொல்லி அமர்ந்தார். அதன்பின் மூன்று மணி நேரம் எதுவும் நிகழவில்லை.

எதுவும் நிகழவில்லை என்று நான் சொல்வது, கற்காதவன் கண்ணுக்குத் தோன்றியபடி சொல்வதாகும். நண்பருக்கோ ஒவ்வொரு நொடியும் ஏதேனும் நிகழ்ந்துகொண்டேயிருந்தது. நீரடியிலிருந்து எழும் குமிழிகளை அவர் எழுத்துகளைப் போல் படித்தார். சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தால், அடியில் ஒரு மீன் சேற்றைக் கிளறி மேய்கிறது என்றார். இந்நாட்டின் பெருங்கெண்டை மீன்கள் மூன்றும் ஒரே ஏரியில் வாழ்ந்தாலும் ஒன்றின் உணவில் மற்றொன்று பெரிதும் குறுக்கிடுவதில்லை. மேல்நோக்கி வளைந்த வாயையுடைய காத்லா நீர்ப்பரப்பையொட்டி மிதக்கும் நுண்ணுயிர்களை உண்கிறது. ருயி என்னும் ரோகு நடுநீரில் மேய்கிறது. மிருகேல் அடிச்சேற்றில் மக்கிய பொருள்களைத் தேடுகிறது. ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் மூன்று மாடிகளில் பூசலின்றி வாழ்வது போன்றது இது. மீன் வளர்ப்போர் மூன்றையும் ஒரே குளத்தில் சேர்த்து விடுவதற்கு இதுவே காரணம்.

இப்பெயர்களைக் குறித்தும் ஒரு செய்தி உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராய் இருந்த பிரான்சிஸ் ஹாமில்டன், கங்கையின் மீன்களைப் பற்றி 1822-இல் எடின்பரோவில் ஒரு பெருநூல் வெளியிட்டார். சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளப் பகுதிகளைச் சுற்றி எழுதிய பயண நூலால் தென்னாட்டு வரலாற்று மாணவர்க்கும் அவர் புக்கானன் என்ற பெயரில் அறிமுகமானவரே. அறிவியற் பெயர் சூட்டும்போது அவர் புதுப்பெயர் தேடி அலையவில்லை. மக்கள் வாயில் வழங்கிய பெயர்களையே எடுத்து, ரோஹிதா, காட்லா, மிருகாலா, கால்பாசு என அறிவியற் பெயர்களாகவே பொறித்துவிட்டார். வங்கத்துச் செம்படவரின் சொற்கள் இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் ஒலிக்கின்றன. நல்ல மொழிபெயர்ப்பு எது என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை: சில சொற்களை மொழிபெயர்க்காமல் விடுவதே அவற்றுக்குச் செய்யும் சிறப்பு.

உச்சிப்பொழுதில் உணவு உண்டோம். அவர் லூச்சியும் உருளைக்கிழங்குக் கறியும் கொண்டுவந்திருந்தார். நான் புளியோதரையும் மோர் மிளகாயும் கொண்டு சென்றிருந்தேன். பாதிக்குப் பாதி மாற்றிக்கொண்டோம். பக்கத்துப் பரணில் இருந்த சிறுவன் ஒருவன் சிறு முள்ளால் கொய் மீன் ஒன்றைப் பிடித்துக் கூச்சலிட்டான். கரையில் போட்டதும் அது செவுள் மூடிகளை ஊன்றி நகரத் தொடங்கியது. நம் நாட்டில் அதனைப் பனையேறிக் கெண்டை என்பர். 1791-இல் தரங்கம்பாடியில் டேனிய அலுவலர் டால்டார்ஃப், குளக்கரைப் பனைமரம் ஒன்றில் அம்மீனைக் கண்டதாக எழுதிவைத்தார். காற்றையும் நேரே உட்கொள்ளும் உறுப்பு அதற்கு உண்டாகையால், ஈரத்தரையில் அது நெடுந்தொலைவு செல்லக் கூடும். எனினும் மரம் ஏறியது மீனன்று, பறவைகள் கவ்விச் சென்று அங்கே போட்டிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் கருதினர். இதைக் கேட்ட நண்பர், "மரம் ஏறியதோ இல்லையோ, வெள்ளைக்காரரை நம்பவைத்துவிட்டது. தஞ்சாவூர் மீன் அல்லவா?" என்றார்.

சிரிப்பு அடங்கியபின் அவர் எதிர்க்கரையைச் சுட்டிக் காட்டினார். ஏரியின் ஒரு மூலையில் செங்கற்சல்லியும் சாம்பலும் கொட்டப்பட்டிருந்தன. அதன்மேல் புல் முளைத்திருந்தது. புல்லின் நடுவே எல்லைக்கற்கள். அவர் சிறுவனாக வந்தபோது நீர் அந்தத் தென்னை வரிசை வரை இருந்ததாம். நீர்நிலைகளைக் காக்கச் சட்டம் இல்லாமலில்லை. மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம் 1984-இல் இயற்றப்பட்டு 1993-இல் திருத்தப்பட்டது. ஐந்து காட்டாவும் அதற்கு மேலும் பரப்புள்ள நீர்நிலையைத் தூர்த்து வேறு பயனுக்கு மாற்றுதலை அது தடுக்கிறது. ஒரு காட்டா 720 சதுர அடி. எனவே ஐந்து காட்டா சென்னைக் கணக்கில் ஒன்றரை கிரவுண்டு. அத்துணைச் சிறிய குளத்தையும் சட்டம் மறக்கவில்லை. "சட்டம் கோப்பில் இருக்கிறது, பாயி. சல்லி வண்டி இரவில் வருகிறது" என்றார் நண்பர். 'பாயி' என்றால் தம்பி.

பிறகு, மிதப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, எனக்கு இதுவரை சொல்லாத செய்தியைச் சொன்னார். அவருடைய ஒரே மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். மனைவியார் காலமான பின் தனியே இருக்க வேண்டாம் என்று மகன் வற்புறுத்துகிறான். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கே செல்ல முடிவாகியிருக்கிறது. "என் தந்தை ஓர் ஆற்றை விட்டுவந்தார்; நான் ஓர் ஏரியை விட்டுச் செல்கிறேன். உன் ஊரில் இவ்வாறு உட்கார ஓர் ஏரி உண்டா? மறைக்காமல் சொல்" என்று கேட்டார்.

இக்கேள்விக்கு விடை கூறுவது எளிதாக இல்லை. நான் அவருடைய ஊரில் வாழ்கிறேன். அவர் என் ஊரில் வாழச் செல்கிறார். இன்சொல்லுக்காகப் பொய் கூறினால் அவர் அங்கே சென்று ஏமாறுவார். ஆகவே உள்ளதை உள்ளபடியே சொன்னேன். இன்று மக்கள் நெருக்கடியால் புகழ்பெற்ற தியாகராய நகர், அங்கே பரவியிருந்த நீண்ட ஏரியை 1920-களில் தூர்த்து எழுந்தது. 1976-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டமும் ஏரியாய் இருந்த இடத்திலேயே நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை என்று பொருள்படும் 'லேக் வியூ சாலை' இன்றும் உண்டு. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது நீர் தன் பழைய இருப்பிடங்களைத் தேடி வந்ததை நகரத்தார் கண்டனர். எனினும் எல்லாம் போய்விடவில்லை. செம்பரம்பாக்கம், புழல் போன்ற பேரேரிகள் நகருக்கு நீர் தருகின்றன. கிழக்குக் கொல்கத்தாவின் ஈரநிலங்கள் 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது போலவே, பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் 2022-இல் இடம்பெற்றது. அவர் மறுமொழி கூறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது மிதப்பு ஒருமுறை நடுங்கி, சாய்ந்து, மறைந்தது. நண்பர் கோலை உயர்த்திய வேகம் அறுபதை நெருங்குபவரின் வேகமாக இல்லை. சக்கரம் சீறியது. நரம்பு நீரைக் கிழித்துக்கொண்டு நடு ஏரிக்கு ஓடியது. அவர் இழுக்கவில்லை, ஓடவிட்டார். அது களைத்து நின்றபோது சிறிது சுற்றினார். மீண்டும் ஓடியபோது மீண்டும் விட்டார். பக்கத்துப் பரண்காரர்கள் தம் நரம்புகள் சிக்காதபடி கோல்களை எடுத்துக்கொண்டு அமைதியாய் நின்றனர். கால்மணி நேரத்திற்கு மேல் கடந்தபின், அகன்ற தலையும் வெள்ளிச் செதில்களும் கொண்ட மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்தது. வலைக்கூடையில் அதனை ஏந்தும் பணி எனக்குக் கிடைத்தது. நிறுத்துப் பார்த்தபோது நான்கு கிலோவிற்குச் சற்று மிகுதியாக இருந்தது.

வள்ளுவரின் உவமை அப்போது என் நினைவிற்கு வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்நாள் நன்னாளன்று. நண்பரும் அதை உணர்ந்தவராகவே காணப்பட்டார். மீனை நெடுநேரம் துடிக்கவிடாமல் விரைவாக அதன் துன்பத்தை முடித்தார். முடிக்கும் முன் நெற்றியில் கைவைத்து வணங்கினார். உண்பதற்கு மட்டுமே பிடிப்பது, உண்ணும் அளவுக்கு மேல் பிடிப்பதில்லை என்பது அவருடைய தந்தை வகுத்த நெறியாம். அன்று அவர் மீண்டும் தூண்டில் இடவில்லை.

"இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று கேட்டார். "கட்லா" என்றேன். அவர் வியந்தார். அவர் கேட்ட கேள்விக்கு நிறைவான விடை அங்கேதான் எனக்குக் கிடைத்தது. இம்மீன்கள் ஓடும் ஆற்றில் மழைக்காலத்தில் இனம் பெருக்குபவை. தேங்கிய நீரில் வளருமேயன்றி இயல்பாகக் குஞ்சு பொரிப்பதில்லை. அதனால் முற்காலத்தில் ஆற்றிலிருந்தே குஞ்சுகளைத் திரட்ட வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள், ஒரிசாவில் வங்காள அறிஞர் ஹீராலால் சௌதுரி, மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைத் தாய்மீனுக்கு ஊசி வழியே செலுத்தி முட்டையிடச் செய்வதில் வெற்றி கண்டார். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதன் பயனாக இம்மீன்கள் நாடெங்கும் பரவின. மேட்டூர், பவானிசாகர், சாத்தனூர் நீர்த்தேக்கங்களில் இன்று கட்லாவும் ரோகுவும் வளர்கின்றன. சென்னைச் சந்தையில் அவற்றின் பெயரைக்கூட எவரும் மாற்றவில்லை. "தாதா, நீங்கள் செல்லுமுன்பே உங்கள் ஊர் மீன் எங்கள் ஊருக்குச் சென்று குடியேறிவிட்டது, நன்றாகவும் வாழ்கிறது" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் கோல்கள் இரண்டையும் விற்கப்போவதில்லை" என்றார்.

நேயர்களே, நம்மில் பலர் மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் பல்லாண்டு வாழ்ந்தும், அவ்வூர் நீரின் பெயரை அறியாமலே காலம் கழிக்கிறோம். குழாயில் வரும் நீர் எந்த ஏரியது, அந்த ஏரியின் எத்தனை பங்கு எஞ்சியுள்ளது, அதில் வாழும் உயிர்களை உள்ளூர் மக்கள் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்று கேட்டறிவது விருந்தினனாய் இருப்பதை விட்டுக் குடியினனாய் ஆவதற்கு முதற்படியாகும். தூண்டில் வேண்டுவதில்லை, ஓய்வு நாள் ஒன்றும், அம்மண்ணில் பிறந்த நண்பர் ஒருவரும் போதும். அவ்வாறு சென்று அமர்ந்த இடத்தை எவரேனும் இரவில் சல்லி கொட்டித் தூர்க்க முற்பட்டால், அது நம் ஊரன்று என்று நாம் வாளா இருக்க மாட்டோம். நம் ஊர் ஏரிகளைக் காக்க இன்று அங்கே உள்ளவர்களும், நாளை அங்கே குடியேறும் என் நண்பர் போன்றவர்களும் துணைநிற்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம் அல்லவா? அதே துணையை நாம் வாழும் ஊரின் ஏரிக்கு நாமும் அளித்தல் முறையாகும்.